என் நெஞ்சில் செபாஸ்டியன் குத்திய அக்னஸ்

டத்தோ கிராமாட், பினாங்கு
மார்ச் 1931

மகாராஜராஜஸ்ரீ மச்சான் லாரன்ஸ் அவர்கள் சமூகத்திற்கு, இராயப்பன் எழுதிக்கொள்வது. தேவமாதா கிருபையால் அக்கரையில் பிறை ஊரில் தாங்கள் சுகமாயிருப்பீர்கள். இருக்காமல் என்ன? நான்தான் இங்கே சட்டையைக் கழற்ற வழியில்லாமல் புழுங்கிச் சாகிறேன்.

தங்கள் தங்கை அக்னஸ் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் முகம் தெரியும் ஒரே படமான எங்கள் கல்யாண போட்டோவைத் தாங்கள் எடுத்துப் போனீர்கள். கெஞ்சிக் கேட்டேன். "நம்ம சித்தப்பா மகன் செபாஸ்டியன் கப்பல்காரனுங்களுக்குப் பச்சை குத்துறான். நெஞ்சுல குத்திக்குங்க மாப்பிள்ளை, படம் எதுக்கு?" என்று தாங்கள்தான் சொல்லியனுப்பினீர்கள். நானும் புத்தி கெட்டுப் போனேன். அவன் கடையில மேசை முழுக்கச் சாமான்: கரண்டு மணியைப் பிரிச்சுக் கட்டின மாதிரி ஒரு மிசின், அதுக்குத் திராவகம் ஊத்தின பேட்டரி, ஈயத்துல பத்தவச்ச ஊசிக் கொத்து, மசிக் கிண்ணம். அக்னஸோட மூக்கு, புருவம், மோவாய்த் தழும்பு எல்லாம் நான் அழுதுக்கிட்டே சொல்றேன், அவனும் தலைய ஆட்டிக்கிட்டே டின்னுக்குள்ளேருந்து உருவம் கீறின செல்லுலாயிட் தகடு ஒண்ண எடுத்து, கரித்தூளத் தேச்சு, வாசலின் தடவின என் நெஞ்சுல ஒத்தி எடுத்தான். மல்லாந்து கெடக்கிறவனுக்கு என்ன தெரியும்? மிசின் வண்டு மாதிரி கத்திச்சு, எனக்கு உசுரு போச்சு. வீக்கம் வடியட்டும் அத்தான், அக்கா தானா வந்துருவாங்கன்னான்.

வீக்கம் வடிஞ்சு, பொருக்கு உதிர்ந்து, கண்ணாடியில பாத்தா யாரோ ஒரு வெள்ளைக்காரி கண்ணடிக்கிறா! முக்காடும் மூக்குத்தியும் மட்டும் நம்மூரு. ஓடிப்போய்க் கேட்டா, பொம்பளைக்கு எங்கிட்ட இருக்கிறது அந்த ஒரு தகடுதான் அத்தான், தொப்பிய முக்காடா மாத்தினேன்லா, என்கிறான். மறுநாள் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி வாசல்ல கணக்கெழுதிக்கிட்டு நிக்கிறேன், ஒரு நார்வே கப்பல்காரன் சட்டையில்லாம வர்றான், கையில அதே பொம்பளை, தொப்பியோட. பின்னாடி வந்தவன் முதுகுலயும் அவதான். வெக்கையில நான் பொத்தானைக் கழட்டியிருந்தேனா, முன்னாடி வந்தவன் என் நெஞ்சப் பாத்துட்டு, சொந்தக்காரனக் கண்ட மாதிரி கட்டிப் புடிச்சுக்கிட்டான். கூலியாட்கள் எல்லாம் சிரிக்கிறானுங்க. என் பொண்டாட்டியோட மானத்தை ஊர்க் கப்பல்லயெல்லாம் ஏத்திட்டீங்களே மச்சான், வயிறு எரியுது.

ஆகவே அந்தப் படத்தை உடனே அனுப்பவும். அதைப் பார்த்துப் புதுத் தகடு கீறி, இவள் மேலேயே என் அக்னஸைக் குத்த வைக்காமல் அவனை விடமாட்டேன். அனுப்பாவிட்டால் நம் உறவு இத்தோடு சரி. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
இராயப்பன்

பி.கு.: படம் அனுப்ப வேண்டாம் மச்சான். இதை மடிக்கும்போது அக்னஸ் முகத்தை நினைச்சுப் பாத்தேன். இந்தச் சிறுக்கி முகம்தான் வருது. கண்ண இறுக்கி மூடினாலும் இவதான். நீங்க அனுப்புற படத்துல இருக்கிறவள எனக்கு அடையாளம் தெரியாமப் போயிட்டா, நான் எங்கே போவேன்?