பதிவு மாஸ்டரும் பன்னிரண்டு சொல்லும்

திண்டுக்கல்லில் தன் தும்மலைக்கூடத் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பதிவு மாஸ்டர்தான். கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தத் தும்மலை நானே கேட்டிருக்கிறேன். மூன்று சுரங்களில் இறங்கி வரும்.

நாகல் நகரில் நான் டி.டி.பி. கடை வைத்திருந்தபோது மாடியில் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. கூடம் என்பது ஒரு மரியாதைக்கு. முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டிய ஓர் அறை, அவ்வளவுதான். கோயில் திருவிழாப் பாட்டு, மாதா கோயில் பாட்டு, தேர்தல் பாட்டு எல்லாம் அங்கேதான் உருவாகும். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தபால்காரருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

பதிவுப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. சித்தையன்கோட்டைத் திருவிழாவுக்கு அவர் போட்ட ஒரு மெட்டு, அடுத்த வருஷமே வேறொருவர் பெயரில் சினிமாவில் வந்துவிட்டது. மாஸ்டர் தியேட்டரில் எழுந்து நின்று, "அது என்னுதுய்யா" என்றார். பின் வரிசையிலிருந்து, "யாருதா வேணா இருக்கட்டும், உக்காரு, மறைக்குது" என்று பதில் வந்தது. நியாயம் கேட்டுப் போன இடத்திலெல்லாம் சாட்சி கேட்டார்கள். அவரிடம் இல்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு.

நாலாம் நாள் எங்கேயோ பிளாக்செயின் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வந்து, என் கடையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஒரு பத்திரம் ஒருத்தன் வீட்ல இருந்தா கிழிச்சுப்புடலாம் தங்கச்சி. அதே பத்திரம் ஆயிரம் பேரு வீட்ல இருந்தா? ஒருத்தன் ஒரு எழுத்த மாத்துனாலும் மத்த அம்புட்டுப் பேரும் 'இல்ல, பொய்யி'ம்பான். பாட்டையும் அப்பிடிப் பதிஞ்சு வச்சுப்புட்டா எவனும் கை வைக்க ஏலாது."

"அதுக்கு ஆபீஸ் எங்க இருக்கு மாஸ்டர்?"

"ஆபீஸே கெடையாது. அதுனாலதேன் நம்புறேன்."

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த, காதில் நுழைந்த எதுவும் தப்பவில்லை. அடுத்த வீட்டுக் குக்கர் விசில் பதிவானது. ரயில்வே கேட் மணி பதிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவை நிறுத்தி, அவர்கள் பாடிய 'ஆமென்' தன்னுடையது என்றார். குழுவை நடத்திய டீச்சர் பொறுமையானவர்.

"மாஸ்டர், ஆமென் ஆண்டவருக்குச் சொந்தம்."

"ஆமென் அவருக்கு. கடைசி இழுப்பு எனக்கு."

இரண்டு வாரம் அந்தக் கோயிலில் ஆமென் இழுக்காமல் வெட்டென்று முடிந்தது. மூன்றாம் வாரம் மாஸ்டரே போய், கேட்க நன்றாக இல்லை, இழுத்தே பாடிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்துவிட்டு வந்தார்.

இந்த உரிமைகளெல்லாம் அவருடைய போனில் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. ஆத்தூர் அணைக்கட்டு மதகில் தண்ணீர் தாளத்தோடு விழுகிறது என்று யாரோ சொல்ல, அதைப் பதியப் போனவர் எட்டி நீட்டிய கையிலிருந்து போன் உள்ளே போய்விட்டது. "முங்கையில நல்ல சத்தம் வந்துச்சு தங்கச்சி. பதியத்தேன் முடியல" என்று வருத்தப்பட்டாரே தவிர, போன் போனதற்கு ஒரு பொட்டுக் கவலை இல்லை.

இரண்டு நாள் கழித்து, மாலை நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது என் கடைக்குச் சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது. பதிவுகளில் தொடர்புக்கு என் கடை எண்ணைத்தான் மாஸ்டர் கொடுத்திருந்தார். பேசியவர் ஒரு படக் கம்பெனியின் மேனேஜர். நான் மாஸ்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், எங்க படத்துல ஒரு பாட்டு. கீபோர்டு வாசிக்கிறவர் தன்னோட மெட்டுன்னு குடுத்தாரு. நாங்க எல்லா மெட்டையும் பிளாக்செயின்ல தேடிப் பாத்துட்டுத்தான் பேர் போடுவோம். தேடினா இது உங்க பேர்ல முன்னாடியே இருக்கு. நீங்க உங்க பெட்டியைத் திறந்து, அங்கேயிருந்து ஒரு கையெழுத்து அனுப்பணும்."

"அனுப்பிருவோம். அதுக்கென்ன?"

"அஞ்சு மணிக்கு டைட்டில் லாக் ஆகுது சார். அதுக்குள்ள வரலேன்னா அவர் பேர்தான் போகும்."

மாஸ்டரின் முகத்தில் ரத்தம் வற்றியதை அன்றுதான் பார்த்தேன். தியேட்டரில் எழுந்து நின்ற மனிதர் மறுபடியும் உட்கார வைக்கப்படப் போகிறார். பெட்டி இருந்த போன் ஆத்தூர்த் தண்ணீரில் கிடக்கிறது. வேறு போனில் அதே பெட்டியைத் திறக்க, தொடங்கிய அன்று சாவியாக அது கொடுத்த பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வரிசை மாறாமல் அடிக்க வேண்டும். அந்தச் சொற்களை எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

மாஸ்டர் மாடிக்கு ஓடி, ஆர்மோனியத்தைத் தூக்கி வந்து கவிழ்த்தார். அடிப்பலகையில் பன்னிரண்டு சொற்களும் அழகாக இருந்தன. தமிழ் எழுத்தில்.

"இங்கிலீசுல எழுதுனா திருடன் படிச்சுப்புடுவான்ல" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளக்கூட எனக்கு நேரமில்லை. தமிழில் ஒரே 'க'தான். கட்டிலுக்கும் அதுதான், கங்கைக்கும் அதுதான். எட்டுச் சொற்கள் ஒழுங்காகப் புரிந்தன. ஒன்பதாவது 'சேர்'. அது நாற்காலி, அதில் சந்தேகம் வரவில்லை. மிச்சம் மூன்று: கேஸ், கார்டு, கோட்.

"கேஸ்னா அடுப்புக்கு வர்றதா, கோர்ட்டுக்குப் போறதா மாஸ்டர்?"

"கேஸ்னா கேஸ்தான."

"கார்டு? ரேஷன் கார்டா, ரயில்ல கொடி காட்டுற கார்டா? கோட் ஆடா, பின்கோடா?"

"எழுதயில தெரிஞ்சுச்சு. இப்பப் பாத்தா எல்லாமாவும் தெரியுது."

சட்டைக்கு மேல் போடும் கோட்டை அடித்தால் பெட்டி எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆக எட்டு விதமாக மாற்றிப் போடலாம். என் போனில் முதல் விதத்தை அடித்தேன். செல்லாது என்றது. இரண்டாவதும் செல்லாது. மாஸ்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சை இழுத்தார். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒரு பெரியவரை, "செத்த நேரம் இருங்கய்யா, உசுரு போற விஷயம்" என்று வாசலிலேயே நிறுத்தினார். பெரியவர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

ஆறாவது விதத்தில் பெட்டி திறந்தது. மாஸ்டர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். பிறகு இருவரும் திரையைப் பார்த்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை.

"எம் பாட்டெல்லாம் எங்க தங்கச்சி?"

சொற்கள் தற்செயலாகப் பொருந்தினால் யாரும் குடியிருக்காத வேறொரு பெட்டி திறந்துகொள்ளும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எல்லாம் போய்விட்டது என்றே நானும் நினைத்தேன். மிச்ச இரண்டு விதமும் செல்லாது என்றன. மணி நாலு முப்பத்தைந்து.

மாஸ்டர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். மெட்ராசுக்கே போயி நேர்ல கேக்குறேன். சேர் ஆட்டோ ஏதும் வருதா பாரு."

"அஞ்சு மணிக்குள்ள மெட்ராஸ் எப்படிப் போவீங்க மாஸ்..." என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டேன். "என்ன ஆட்டோன்னு சொன்னீங்க?"

"சேர் ஆட்டோ. நாலு பேரு சேந்து போறது."

ஷேர். இந்த மனிதர் வாயில் 'ஷ' எந்தக் காலத்தில் வந்தது? நான் ஒன்பதாவது சொல்லில் நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஷேர் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். மறுபடியும் எட்டு விதம். நாலு விதம் செல்லவில்லை. பெரியவர் உள்ளே வந்து, எதற்கென்றே தெரியாமல், "முருகா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவதில், கோர்ட்டுக் கேஸும் ரயில் கார்டும் ஆடும் சேர்ந்தபோது, பெட்டி திறந்து சரசரவென்று பெயர்கள் இறங்கின. தும்மல், குக்கர் விசில், ஆமென் இழுப்பு, சித்தையன்கோட்டை மெட்டு என்று எல்லாம் இருந்தன.

மணி நாலு ஐம்பத்து நாலு. கையெழுத்து போனது. இரண்டு நிமிஷத்தில் மேனேஜர் கூப்பிட்டார்.

"வந்துருச்சு சார். உங்க பேர் ஏத்தியாச்சு."

மாஸ்டர் போனைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

நான் அந்தப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் ஒன்று: 'கடைத் தங்கச்சி முணுமுணுத்தது'. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

"இது என்ன மாஸ்டர்?"

"பத்திரிக அடிக்கையில நீயா ஒண்ணு முணங்குவ. நல்லாருந்துச்சு, பதிஞ்சு வச்சேன்."

"எம் பேர்லயா?"

"பின்ன? எம் பேர்ல போட்டா, அன்னைக்கு அந்தாளு எனக்குப் பண்ணுனதும் இன்னைக்கு நான் ஒனக்குப் பண்றதும் ஒண்ணுதான தங்கச்சி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. விசும்பல் கேட்டதும் மாஸ்டர் தரையிலிருந்தே கையை நீட்டி என் போனை வாங்கி, பதிவுப் பொத்தானை அமுக்கி என் பக்கமாகப் பிடித்தார். நான் தடுக்கவில்லை.