இரண்டு ஷிஃப்ட் அஸ்பாரகஸ்

காலத்தைக் குறுக்கத் தெரிந்தவர்கள் உலகில் யாராவது உண்டென்றால், அவர்கள் உயர்வகைக் காய்கறி மேம்பாட்டு மையத்தில்தான் வேலை பார்த்தார்கள். விஞ்ஞானிகள் எல்லாம் இதற்காகக் கண்ணாடிக் குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மையத்துக்காரர்கள் ஒரு கூட்ட அறை, பன்னிரண்டு நாற்காலி, இரண்டு தட்டு பிஸ்கட் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சாதித்துக் காட்டினார்கள். அந்தச் சாதனையைக் கதவோரமாக நின்று கண்ணாரக் கண்டவள் தோட்டத்தம்மா.

தோட்டத்தம்மா மையத்தின் தற்காலிக ஊழியர். பதவியின் பெயர் 'அஸ்பாரகஸ் ஆரம்ப ஆண்டுகள் பராமரிப்பாளர்'. பெயர்ப்பலகை செய்தால் அவள் உட்காரும் முக்காலியைவிட நீளமாகப் போய்விடும் என்பதால் பலகை செய்யவில்லை.

அஸ்பாரகஸ், குருத்தை வெட்டிச் சமைக்கும் மேல்நாட்டுக் காய்; பிடிவாதக்காரப் பயிர். முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, எரு போட்டு, சிலந்தி காலை விரித்தாற்போல வேர்க்கட்டையைப் பரப்பி மூட வேண்டும். முதல் ஆண்டு சைக்கிள் கம்பி கனத்தில் குருத்து விடும். தொடக்கூடாது. அது உயர்ந்து, விரிந்து, பச்சைப் புகை மாதிரித் தழைத்து, கீழே வேருக்குச் சாப்பாடு அனுப்பும். இரண்டாம் ஆண்டு விரல் கனத்தில் வரும். அப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில்தான் கத்தி. அதுவரை பொறுத்தால் அப்புறம் பதினைந்து ஆண்டுக்குத் தானாக வந்துகொண்டேயிருக்கும். பொறுக்காமல் வெட்டினால் வேர் பட்டினி கிடந்து செத்துப்போகும்.

மையத்தின் இயக்குநருக்கோ இரண்டே ஆண்டுகள். அதற்குள் மாற்றல் வந்துவிடும். மூன்றில் பலன் தரும் பயிரையும் இரண்டில் கிளம்பும் அதிகாரியையும் ஒரே வளாகத்தில் குடிவைத்தவர் யாரோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு சற்றுத் தூக்கலாகவே இருந்திருக்கிறது.

முதல் இயக்குநர், முன்னேற்றத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற கொள்கை உடையவர். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைதோறும் வேர்க்கட்டைகளைத் தோண்டி, நீளம் அளந்து, திரும்பப் புதைக்கச் சொன்னார். ஏழாவது வெள்ளிக்கிழமை அளப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது இயக்குநர் உபசரிப்பில் பெரிய மனிதர். முதலாண்டுக் குருத்துகளை ரிப்பன் கட்டி, பூச்செண்டுக்குப் பதிலாக விருந்தினர்களுக்குக் கொடுத்தார். விருந்தினர் வரத்து பெருகியது. குருத்து வரத்து நின்றது. இப்படியாக நான்கு ஆண்டு உழைத்த தோட்டத்தம்மா, மூன்றாவது இயக்குநர் வந்தபோது மறுபடியும் முதலாம் ஆண்டில் நின்றாள்.

அவளுடைய பணி ஆணையில் ஒரு வரி இருந்தது: 'அறுவடை தொடங்கியதும் பணி நிரந்தரம் பரிசீலிக்கப்படும்.' அந்த ஒரு வரியில்தான் அவள் உயிரே தொங்கிக்கொண்டிருந்தது. நிரந்தர ஊழியர்களுக்கு வளாகத்தின் பின்பக்கம் ஓர் அறையும் சமையலறையும் உண்டு. அவளோ மகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக் கூடத்தில் ஒண்டியிருந்தாள். காலையில் இருவரும் படுக்கையைச் சுருட்டினால்தான் தங்கையின் புருஷன் வாசல் கதவைத் திறக்க முடியும். மரியாதை தெரிந்த மனிதர். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"என்னக்கா, உங்க செடிக்கு இன்னும் மூணு வயசாகலையா?"

"ஆகிடும் தம்பி."

"எங்க சின்னவளும் அதுவும் ஒரே சமயத்துலதானே வந்தாங்க. இவ பள்ளிக்கூடமே போக ஆரம்பிச்சுட்டா."

"இவளை யாரும் மாசாமாசம் தோண்டிப் பாக்கலையே தம்பி."

மூன்றாவது இயக்குநர் நல்லவர். அவளைப் பார்த்ததும் "உட்காருங்கம்மா" என்றவர். அறையில் இன்னொரு நாற்காலி இல்லாதது அவர் குற்றமல்ல. முதல் ஆண்டு முழுவதும் கூட்ட அறைக்குத் திரைச்சீலை தேர்ந்தெடுப்பதில் அவர் மும்முரமாக இருந்ததால், செடி பிழைத்தது. குளிர் விலகிய ஒரு காலையில் பாத்தியைப் பிளந்துகொண்டு விரல் கனத்தில் நாற்பது குருத்துகள் நின்றன. இரண்டாம் ஆண்டு! மையத்தின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் ஆண்டு. தோட்டத்தம்மா அன்று மகளிடம், அந்தப் பின்பக்கத்து அறையில் எந்தச் சுவரில் புத்தக அலமாரி வைக்கலாம் என்று கேட்டாள்.

மறுவாரம் மேலிடத்து அதிகாரி பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"குருத்து வந்திருக்காமே?"

"வந்திருக்கு சார். இந்த வருஷம் விட்டுட்டா அடுத்த வருஷம் வெட்டலாம்."

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேனேம்மா."

"செடி இருக்கும் சார்."

"இருந்து?" என்றார் இயக்குநர். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

பிற்பகலிலேயே 'மூன்றாம் ஆண்டை முன்கூட்டி வரவழைப்பது தொடர்பான அவசரக் கூட்டம்' கூடியது. செடியின் தரப்பில் சந்தேகம் ஏதும் வந்தால் தீர்த்துவைக்க, தோட்டத்தம்மாவைக் கதவருகே நிற்கச் சொன்னார்கள்.

"இந்தச் செடி ராத்திரியில வளருதா?" என்று கேட்டார் இயக்குநர்.

"வளருது சார்," என்றார் தொழில்நுட்ப அலுவலர். "பகலும் வளருது, ராத்திரியும் வளருது."

"அப்போ ரெண்டு ஷிஃப்ட்."

"ஆமா சார். அப்படியும் சொல்லலாம்."

"நாம ஒரு ஷிஃப்ட் ஆளுங்க. நமக்கு மூணு வருஷம்னா அதுக்கு எவ்வளவு?"

"ஒன்றரை சார்."

"நட்டு?"

"பதினாறு மாசம் ஆகுது சார்," என்றார் எழுத்தர். "ரெண்டு மாசம் இடிக்குது. ஆனா அது லீவு நாள்லயும் வளர்ந்திருக்கு. அதைச் சேர்த்துக்கிட்டா சரியா வந்துடும்."

"சார், அது ஷிஃப்ட் பாத்து வளர்ற செடி இல்ல," என்றாள் தோட்டத்தம்மா.

"உங்களுக்கே தெரியாம பாத்திருக்கும்மா," என்றார் இயக்குநர் பரிவோடு.

செடி மூன்றாம் ஆண்டை ஏகமனதாக எட்டியது. எல்லோரும் பிஸ்கட்டை நோக்கிக் கை நீட்டியபோது, தோட்டத்தம்மாவின் மனசுக்குள்ளும் ஒரு கணக்கு ஓடியது. தனக்கென்று எதையும் கேட்பதில் பிறவியிலேயே கூச்சம் உள்ளவள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"அப்போ என் பணி நிரந்தரத்துக்கும் மூணு வருஷம் ஆயிடுச்சா சார்?"

இயக்குநர் பணி ஆணையை வரவழைத்துப் படித்தார்.

"அறுவடை தொடங்கினா ஆணைப்படி நடக்கும். கூட்டக் குறிப்புலயே எழுதிடலாம். நீங்க ஒண்ணு பண்ணுங்க, உங்க கையாலயே வெட்டுங்க. முறையா இருக்கும்."

அன்று வீடு திரும்பிய தோட்டத்தம்மாவிடம் தங்கையின் புருஷன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஆயிடுச்சு தம்பி," என்றாள். அவர் அடுத்த கேள்வி தயாரித்து வைத்திருக்கவில்லை.

மேலிடத்து அதிகாரி வந்த நாளில் அவள் கத்தியோடு பாத்தியில் குந்தினாள். நாற்பது குருத்துகளும் தலை நிமிர்ந்து நின்றன. பின்பக்கத்து அறையின் பூட்டிய கதவு அங்கிருந்து தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வெட்டினாள். ஒவ்வொன்றும் 'ணக்' என்ற சத்தத்தோடு வந்தது.

அதிகாரி ஒன்றைக் கடித்துப் பார்த்து, "கொஞ்சம் இளசா இருக்கே," என்றார்.

"ரெண்டு ஷிஃப்ட் பாத்தது சார்," என்றார் இயக்குநர். அதிகாரி தலையாட்டி, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வேர் விடாமல் முயன்றது. மறுபடி முளைத்தது, மேலிடத்துக்கு ஒரு கட்டுப் போனது. மறுபடி முளைத்தது, மேலிடத்தின் மைத்துனர் வீட்டுக்குப் போனது. "இந்த ஒரு தடவை விட்டுடலாம் சார், கொஞ்சம் தழையட்டும்" என்று அவள் கெஞ்சியபோது, மூன்றாம் ஆண்டுச் செடியைத் தழைய விடுவது கூட்ட முடிவுக்கு எதிரானது என்று விளக்கினார்கள். ஆறாவது வாரம் நூல் கனத்தில் வந்தது. எட்டாவது வாரம் வரவில்லை. மண்ணை விலக்கி ஒரு வேர்க்கட்டையை எடுத்து அழுத்திப் பார்த்தாள். நனைந்த காகிதம்போல நசுங்கியது.

அந்த வாரமே இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது. குறுகிய காலத்தில் அவர் காட்டிய விளைச்சலைப் பாராட்டி, 'நீண்டகாலத் திட்டங்கள்' பிரிவுக்குத் தலைவராக்கியிருந்தார்கள். தோட்டத்தம்மாவின் ஆணையும் கூடவே வந்தது. எழுத்தர் அதை உரக்கப் படித்துக் காட்டினார்.

"அறுவடை வெற்றிகரமாகத் தொடங்கியதை அடுத்து, பராமரிப்பாளரின் பணி நிரந்தரம் பரிசீலிக்கப்பட்டது. பயிர் தனது ஆரம்ப ஆண்டுகளைக் கடந்துவிட்டபடியால், ஆரம்ப ஆண்டுகள் பராமரிப்பாளர் பணியிடம் இம்மாத இறுதியோடு நிறைவு பெறுகிறது."

அவள் காகிதத்தை வாங்கி, 'நிரந்தரம்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"நிரந்தரம்னு சொன்னாங்களே அண்ணே."

"பரிசீலிக்கிறோம்னு சொன்னாங்கம்மா. பரிசீலிச்சுட்டாங்க. சொன்ன சொல் மாறல."

"செடி செத்துப்போச்சு அண்ணே. மறுபடி நடணும். அதுக்கு ஆள் வேணும்ல?"

"அது தோட்டத்துல செத்திருக்கும்மா. ஃபைல்ல ரொம்ப ஆரோக்கியமா இருக்கு. இங்க கையெழுத்துப் போடுங்க."

மையத்தின் மேல் குறை சொல்ல எதுவுமே இல்லை. எல்லாம் முறைப்படி நடந்தது. ஆறு ஆண்டுகளில் அந்த வளாகத்தில் உண்மையாக வேர்பிடித்து நின்றது ஒன்றே ஒன்றுதான்; அது செடி இல்லை. குருத்தையெல்லாம் அவள் கையாலேயே வெட்ட வைத்தவர்கள், அதைப் பிடுங்கும் வேலையை மட்டும், அவளுக்குச் சிரமம் வைக்காமல், பச்சை மைக் கையெழுத்தில் தாங்களே முடித்துவிட்டார்கள்.