ஒரே ஒரு ஈத்து மட்டும்

நாய் வளர்ப்பவர்களில் ஓர் இனம் உண்டு. தன் நாயைக் குட்டி போட விடவும் மாட்டார், வெளியிலிருந்து ஒரு குட்டியை வாங்கவும் மாட்டார், ஆனால் குட்டிகளை மட்டும் ஊர் முழுக்கக் கொடுத்து முடித்திருப்பார். விஞ்ஞானிகள் இந்த இனத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தீகா சாலைப் பக்கம் எங்கள் குடியிருப்பில் இவரை ‘அடுத்த முறைக்காரர்’ என்போம். நாய்க்கு ஹீட், அதாவது இணை சேரும் பருவம், வரும்போதெல்லாம் அவர் சொல்வது அதைத்தான். “இந்த முறை வேண்டாம், அடுத்த முறை பார்த்துக்கலாம்.”

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். மழை வருமா என்று எங்கள் ஆளிடம் சும்மா கேட்டுப் பாருங்கள். “எங்க நாய் ராஹாவுக்கு நேத்தே தெரிஞ்சுபோச்சு, சோபாவுக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு” என்பார். தேர்தலைப் பற்றிக் கேளுங்கள். ராஹா எந்த வேட்பாளரின் ஒலிபெருக்கி வண்டியைப் பார்த்துக் குரைத்தது என்பார். டீ ஆறுவதற்குள் பேச்சு நாயில் வந்து நின்றிருக்கும். அடுத்த மடக்குக்குள் உங்களுக்கு ஒரு குட்டி ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் கேட்டீர்களா? அதைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

எங்கள் அடுத்த முறைக்காரரின் பெயர் கதோகோ. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ராஹா அவருடைய அல்சேஷன். கறுப்பு முகம், செம்பட்டைக் கால்கள், பார்வையிலேயே எதிராளியை எடைபோட்டுவிடும் கண்கள். கதோகோவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை போன வருஷம், நண்பர்கள் என்று இருந்த நாங்கள் ஒவ்வொருவராக அவரைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டோம். அந்த வருஷம் முழுக்க தினமும் காலையில் அவரோடு ரயில் பாதை வரைக்கும் நடந்தது ராஹா மட்டும்தான். அது இல்லாமல் போகும் ஒரு நாளை அந்த மனுஷனால் நினைத்துப் பார்க்கவே முடியாது. இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் கேலிதான்.

அவருடைய மனைவி முகூரேவுக்கும் அவருக்கும் மூன்று வருஷமாக ஒரே உரையாடல்.

“ராஹாவுக்கு வயசாகுது. இப்பவே ஒரு குட்டி வாங்கிடலாம். இதுகூடவே வளர்ந்தா இதோட குணம் அதுக்கும் வரும்” என்பார் முகூரே.

“வாங்குற குட்டி ராஹா ஆயிடுமா? ராஹாவோட ரத்தம் வேணும்.”

“சரி, அப்ப ராஹாவையே கிராஸ் பண்ணலாம்.”

“பிரசவத்துல ராஹாவுக்கு ஏதாவது ஆயிட்டா?”

“அப்ப வாங்கலாம்.”

“வாங்குற குட்டி ராஹா ஆயிடுமா?”

இப்படியே போகும். நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் லிமூரு, கித்தேங்கெலா என்று எங்கே குட்டி விற்பதாகக் கேள்விப்பட்டாலும் கதோகோ கிளம்பிவிடுவார். குட்டியின் வாயைத் திறந்து பார்ப்பார், காதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், தாயைக் காட்டச் சொல்வார், தகப்பனைக் காட்டச் சொல்வார், தாத்தா எப்படிச் செத்தார் என்று விசாரிப்பார், விற்பவர் களைத்துப்போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்ததும் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று வண்டியை எடுப்பார். வீட்டு வாசலில் முகூரே கேட்பார், “குட்டி எங்கே?” இவர் டிக்கியைத் திறந்து, “முட்டைக்கோஸ் ரொம்ப நல்லா இருந்துச்சு” என்பார். அந்த மூன்று வருஷம் அவர்கள் வீட்டில் சாப்பிட்ட முட்டைக்கோஸுக்கு ஓர் எருமையே வளர்ந்திருக்கும்.

இதற்கிடையில் பிறக்காத குட்டிகளின் பங்கீடு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பாதிரியாருக்கு ஒரு பெண் குட்டி. அவர் அதற்கு எஸ்தர் என்று பெயரும் வைத்துவிட்டார். வண்டி பழுது பார்க்கும் ஒனியாங்கோவுக்கு ஓர் ஆண் குட்டி, தலை பெரிதாக இருக்க வேண்டும். மைத்துனனுக்கு ஒன்று. குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய் விவகாரத்தில் அவர் கதோகோ பக்கம் பேசியதற்காக. எனக்கும் ஒன்று, கறுப்பு முகத்தோடு. இன்னும் மூன்று பேரையும் சேர்த்து மொத்தம் எட்டு பேர், எட்டுக் குட்டி. ராஹாவுக்கு இது தெரியாது.

கடைசியில் கால்நடை மருத்துவர் நாலியாகாதான் கயிற்றை இறுக்கினார். “ஆறு வயசு நடக்குது. இதுவே லேட்டு. அடுத்த முறைன்னு வந்தீங்கன்னா நான் சம்மதிக்க மாட்டேன். பண்றதுன்னா இந்த முறை பண்ணுங்க, இல்லன்னா கர்ப்பப்பையை எடுத்துடலாம். ஹீட் ஆரம்பிச்ச பத்தாம் நாள்லேர்ந்து நாலு நாள், ஞாபகம் வச்சுக்கோங்க. ஆண் நாய் இருக்கிற வீட்டுக்கு இதைக் கூட்டிட்டுப் போய் விடுங்க. அவ்வளவுதான் வேலை.”

அவ்வளவுதான் வேலை. ஆனால் அது கதோகோவிடம் சொல்லப்பட்ட வேலை அல்லவா?

மாப்பிள்ளை ஏற்கெனவே பார்த்து வைத்ததுதான். மருந்துக்கடை கிராகுவின் நாய், பெயர் ஜெனரல். கிராகு போனில், “பதினோராம் நாள் பொண்ணை இங்க கொண்டுவந்து விட்டுடுங்க” என்றார். கதோகோ போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கேட்டீங்களா வாத்தியாரே? பொண்ணை நாமே கொண்டுபோய் அவங்க வாசல்ல விடணுமாம். எங்கேயாவது உண்டா?”

“அண்ணே, நாய்ல அதுதான் வழக்கம். ஆண் நாய் தன்னோட இடத்துலதான் தைரியமா இருக்கும்.”

“நாய் வழக்கம் நாய்க்கு. நாம மனுஷங்கதானே பேசப்போறோம்? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

எங்கள் கிக்குயு இனத்து வீடுகளில் பெண் கேட்க வந்தால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார்தான் தேடி வர வேண்டும். முதல் முறை வந்தால் வீட்டைத் தெரிந்துகொள்ள மட்டும். காரியத்தைப் பேசினால் அவசரக்காரன் என்று பெயர். இரண்டாம் முறை பேரம். மூன்றாம் முறைதான் முடிவு. கிராகுவாவது நம்மாள் சொல்வதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். அவரும் அதே மண். தன் ஜெனரலுக்கு மரியாதையாகப் பெண் கேட்க வேண்டும் என்றதும் குரலே கனத்துவிட்டது. இருவரும் மூன்று சனிக்கிழமைகளைக் குறித்துக்கொண்டார்கள். ஹீட் தொடங்கியதிலிருந்து ஐந்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், பத்தொன்பதாம் நாள்.

“டாக்டர் சொன்னது பதிமூணோட முடியுது” என்றார் முகூரே.

“பெரியவங்க பேச்சை டாக்டருக்காக மாத்த முடியுமா?”

முதல் சனிக்கிழமை கிராகுவின் தரப்பு நாலு பேராக வந்தது. கோட்டு, தொப்பி, கைத்தடி. அவர்களுடைய பேச்சாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாங்க வழிப்போக்கருங்க. எங்க பெண் ஆடு ஒண்ணு வழி தவறி இந்தப் பக்கம் வந்துட்டதா கேள்விப்பட்டோம்” என்றார். எங்கள் தரப்புப் பேச்சாளன் நான். “ஆடுன்னா பல ஆடு உண்டு. முதல்ல உட்காருங்க, கஞ்சி குடிங்க” என்றேன். பெண்ணை வழி தவறிய ஆடு என்று சொல்லித்தான் கேட்பது முறை, அதனால் நாய் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. ஆடு மட்டும் உண்மையாகவே ஒன்று வாட்டப்பட்டது. வெளியே சாலைக் கேட்டில் காவலாள் மகோகா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காலடியில் அவனுடைய நாய் போஸ்கோ. பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தது, எங்கள் ஊரில் ஷென்சி என்பார்களே அந்தத் தெருச் சாதி. அதன் மூக்கு எங்கள் பக்கமே திரும்பியிருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை ஜெனரலும் வந்தது. கழுத்தில் புதுப் பட்டை. வண்டியிலிருந்து இறங்கியதும் இடம் புதிது என்று வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியிலேயே படுத்துவிட்டது. ராஹாவைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே விட்டிருந்தார்கள். பேச்சு முடியும் முன் பெண் முகம் காட்டக் கூடாதாம். உள்ளே பேரம் சூடு பிடித்தது. ஈத்தில் முதல் குட்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆண் நாய்க்காரருக்கு என்பது கிராகுவின் கட்சி. நாயுலகில் எல்லா இடத்திலும் அப்படித்தான். ஆனால் கதோகோவிடம் கொடுக்கக் குட்டி ஏது? எட்டும் போய்விட்டதே.

“ஒன்பதாவது குட்டியை எடுத்துக்கோங்களேன்” என்றார்.

“ஒன்பதாவது பிறக்கலைன்னா?”

“அப்ப அடுத்த முறை.”

கிராகுவின் பேச்சாளர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பாதிரியாரின் எஸ்தரை விட்டுக்கொடுக்கலாமா, ஒனியாங்கோவின் பெரிய தலையனை விட்டுக்கொடுக்கலாமா என்று இரண்டு மணி நேரம். கடைசியில் கதோகோ எழுந்து, மார்பில் கை வைத்து, “சரி. முறைப்படி முதல் குட்டி மாப்பிள்ளை வீட்டுக்குத்தான். சொன்னா சொன்னதுதான்” என்றார். எல்லோரும் கை குலுக்கினோம். அந்த நேரம் முகூரே டீத் தட்டோடு வந்து, அதை நிதானமாக மேசையில் வைத்தார்.

“நீங்க பேசிக்கிட்டே இருங்க. பின்னால கல்யாணம் முடிஞ்சிடுச்சு.”

ஜெனரலா என்று கிராகு ஆவலாக எழுந்தார். ஜெனரல் வண்டிக்கு அடியில் ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. விருந்தாளிகளின் வண்டிக்காகத் திறந்த கேட்டை யாரும் மூடவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே போஸ்கோ எந்தப் பேச்சாளரும் இல்லாமல், தொப்பியும் இல்லாமல், வந்த காரியத்தை முடித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தது.

கருவைக் கலைக்க ஊசி உண்டு, ஆனால் அதிலும் ஆபத்து இருக்கிறது என்றார் நாலியாகா. கதோகோ யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே இரண்டு மாதம் ஓடி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ராஹாவுக்கு வலி வந்தது. கடையைத் திறக்கவில்லை. தரையில் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது குட்டிக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. ராஹா கண்ணை மூடிக்கொண்டது. “எனக்குக் குட்டியே வேண்டாம், நீ எழுந்திரு” என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் பார்த்தேன். நாலியாகா வந்து ஊசி போட்டு மற்ற இரண்டையும் எடுத்தார். ஐந்தும் பிழைத்தன, தாயும் பிழைத்தது. நாலு குட்டி அப்படியே போஸ்கோ. ஒன்று மட்டும் கறுப்பு முகம், செம்பட்டைக் கால், ராஹாவைச் சின்னதாக வரைந்து வைத்தது போல.

செய்தி பரவியதும் எட்டு பேருக்கும் எட்டு விதமான அசௌகரியம். பாதிரியாரின் வீட்டில் பூனை வந்துவிட்டது. ஒனியாங்கோவின் மனைவிக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது என்று அன்றுதான் தெரிந்ததாம். மைத்துனன் மாடி வீட்டுக்குக் குடிபோய்விட்டான். சங்கத் தலைவர் போனையே எடுக்கவில்லை. எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை மலைபோல இருந்தது. ஆமாம், நானும்தான். கதோகோ யாரையும் குறை சொல்லவில்லை. கறுப்பு முகக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வர ஆரம்பித்தார். மூன்று வருஷம் தேடியது கைக்கு வந்துவிட்ட மனுஷனின் முகம் அது.

குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆன ஞாயிற்றுக்கிழமை, கதவைத் தட்டும் சத்தம். மகோகா. தேய்த்த சட்டை, பளபளக்கும் பூட்ஸ், கக்கத்தில் ஒரு பெட்டைக் கோழி. பக்கத்துக் குடியிருப்பின் காவலாளைப் பேச்சாளராக அழைத்து வந்திருந்தான். அந்த ஆள் தொண்டையைச் செருமினார்.

“நாங்க வழிப்போக்கருங்க. எங்க ஆட்டுக்குட்டி ஒண்ணு வழி தவறி இந்தப் பக்கம்...”

கதோகோ என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். முகூரேதான் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உள்ள வாங்க, உட்காருங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

மகோகா டீயை மரியாதையாகக் குடித்து முடித்தான். பிறகு எழுந்து போய், ஐந்தில் கறுப்பு முகத்தைக் கையில் எடுத்தான்.

“அதை விட்டுட்டு வேற எதை வேணா எடுத்துக்க மகோகா. ரெண்டா எடுத்துக்க” என்றார் கதோகோ.

“ஐயா, முதல் குட்டி மாப்பிள்ளை வீட்டுக்குத்தான்னு நீங்க எழுந்து நின்னு சொன்னீங்க. சொன்னா சொன்னதுதான்னும் சொன்னீங்க. கேட்ல நிக்கிறவனுக்கும் காது கேக்கும்யா.”

யோசித்துச் சொல்கிறேன் என்பார் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் சொல்லவில்லை. குட்டியை வாங்கி நெற்றியில் ஒரு முறை முகர்ந்துவிட்டு, தன் கையாலேயே மகோகாவிடம் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் அரை நிமிஷத்தில் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

இப்போது மாலையானால் கதோகோவின் பிளாஸ்டிக் நாற்காலி சாலைக் கேட்டருகே கிடக்கிறது. பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார்வையிடுகிறாராம். ராஹா ஒரு பக்கம், கறுப்பு முகம் அவர் செருப்பின் மேல். மீதியில் ஒன்று டாக்டர் வீட்டில், இரண்டு கதோகோ வீட்டில். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை லிமூரு பயணம் நிற்கவில்லை. இந்த வாரமும் முட்டைக்கோஸ்தான்.

ஐந்தாவது குட்டி எனக்கே வந்து சேர்ந்தது. வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே. எண்ணெயில் பொரிக்கும் மண்டாசி ரொட்டியின் நிறம் என்பதால் மண்டாசி என்றே பெயர். இரண்டு வயதாகிவிட்டது. அதன் அறிவைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. நான் கதோகோ மாதிரி இல்லை, தெளிவாக முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு ஈத்து மட்டும், அதுவும் அதன் உடம்புக்கு நல்லது என்பதற்காக. இந்த முறை வேண்டாம், வெயில் அதிகம். அடுத்த முறை. ஐந்து பேருக்குச் சொல்லியாகிவிட்டது, ஆறாவது குட்டிக்கு இன்னும் ஆளில்லை. உங்களுக்குத் தரலாமா? வேண்டாம் என்று தலையாட்டுகிறீர்கள், தெரிகிறது. ஆனால் அதற்குள் மனதில் ஒரு பெயர் வைத்துவிட்டீர்களே, எங்கள் பாதிரியாருக்கும் அப்படித்தான் தொடங்கியது.