ஏறி வந்தவர் குணமானவர்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் மாரென் டீசன். கனடாவில், எங்கள் வினிபெக்கில் ஒரு மருத்துவமனையின் இதய மறுவாழ்வுப் பிரிவில் கினிசியாலஜிஸ்ட். மாரடைப்பில் பிழைத்தவர்களை அளவாக மூச்சுவாங்க வைத்து, மறுபடி ஆளாக்குவது அவர் வேலை. கதை கட்டுகிறவர் இல்லை. சந்தேகம் என் பிறவிக்குணமாகவும் இருக்கலாம்.

பிரிவு இருந்தது மூன்றாம் மாடியில். ஒரு நவம்பர் காலையில் லிஃப்ட் கதவில் ‘பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஓர் அட்டை தொங்கியது. நோயாளிகள் அதைப் படித்து, பதிலுக்குத் தாங்களும் வருந்திவிட்டுப் படியேறினார்கள்.

மேம்பாட்டு இயக்குநர் டெஸ்மண்ட் ஹாலரன் அவசரக் கூட்டம் கூட்டினார். உட்காருவது கேடு என்று அவருடைய கைக்கடிகாரம் சொல்லியிருந்ததால் எல்லோரும் நின்றார்கள்.

"மூணு மாடி ஏறி வர்றவருக்கு இதயத்துல என்ன குறை?" என்றார்.

"சார், அவங்க ஏறி வர்றதே..."

"ஏறிட்டாரு இல்ல? குணமாயிட்டாரு. வீட்டுக்கு அனுப்புங்க."

"ஏற முடியாதவங்க?"

"அவங்கதான் வரவே இல்லையே மாரென். வராதவங்களுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பீங்க?"

இவ்வாறாக, வந்தவர் அனைவரையும் வாசலிலேயே குணப்படுத்தும் பெருமையை அப்பிரிவு அடைந்தது.

ஓரெஸ்ட் ஹ்ரின்சுக் மட்டும் இரண்டாம் மாடிக்கு மேலே, படி திரும்பும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மேலே போனால் குணமாகிவிடுவார். கீழே போனால் வராதவராகிவிடுவார். பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் அணியில், அந்தக் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிற மனிதர் அவர். மார்ச் மாதப் போட்டிக்குள் நெஞ்சு தேறியாக வேண்டும்.

"என் இடத்துல என் மச்சானைப் போட்டிருக்கானுங்கம்மா. அவன் துடைப்பம் பிடிக்கிற அழகைப் பார்த்தா எனக்கு இன்னொரு அட்டாக் வந்துடும்."

மாரென் ஒரு பயிற்சி சைக்கிளை அங்கேயே இறக்க ஏற்பாடு செய்தார். சுமந்து இறக்கியவர் அந்த மச்சான்தான்.

"எப்படி இருக்கு ஓரெஸ்ட்?"

"மோசமில்லை."

கால் ஒடிந்தாலும் பரிசு விழுந்தாலும் எங்கள் ஊரில் இதுதான் பதில். அதனால் மாரென் பதிலை நம்பாமல் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். மெதுவாக மற்றவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். தலைக்கு மேலே, ஆளில்லாத மூன்றாம் மாடியில், தரை தேய்க்கும் ராட்சத இயந்திரம் தினமும் உறுமியது. மறுநாள் காலையில் அது கீழே வாசலில் நிற்கும்.

அனுமதியின்றிப் படியில் தேறுவோரை விசாரிக்க ஹாலரன் ஏறி வந்தார். திருப்பத்தில் முகம் சாம்பல் பூத்து உட்கார்ந்தார். கடிகாரம் அவரைப் பாராட்டி ஒலித்தது.

"எப்படி இருக்கு சார்?"

"மோசமில்லை," என்றார், வியர்வை சொட்ட.

மாரென் நாடியைப் பிடித்த கையோடு அவசர உதவியை அழைத்தார். ஸ்ட்ரெச்சர்காரர்கள் ஓடி வந்து, லிஃப்டில் தொங்கிய அட்டையைப் படித்து, வருந்திவிட்டு, படி வழியாகவே வந்து அவரைத் தூக்கிப் போனார்கள்.

பிழைத்துத் திரும்பிய ஹாலரன், படித் திருப்பத்தையே இதய மறுவாழ்வு மையமாக அறிவித்து ரிப்பன் வெட்டினார். ஓரெஸ்டின் சைக்கிளுக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒன்று. மார்ச்சில் ஓரெஸ்ட் மச்சானிடமிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். அணி தோற்றது. மோசமில்லை என்றார்.

ஹாலரனை நான் நம்பினேன், ரிப்பனையும் நம்பினேன். படி வழியாக யாராலும் தூக்க முடியாத, தரை தேய்க்கும் அந்த இயந்திரம் மட்டும் என் மனதில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. போன குளிர்காலத்தில், காப்பிக் கடையில், ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்:

"மாரென், அந்த அட்டை தொங்கின அத்தனை மாசமும், உங்கள்ல ஒருத்தராவது லிஃப்ட் பட்டனை அமுக்கிப் பார்த்தீங்களா?"