குறுக்கு வழிச் சக்கரவர்த்தி

"இந்த வீட்டுக் குழாய்ல வெளி ஆள் விரல் பட்டுச்சுன்னா, என் பைக்கை நீங்களே ஓட்டிட்டுப் போயிடலாம், மச்சான்!"

போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தின் நட்டநடுவில் நின்று, சாவியைத் தலைக்கு மேல் ஆட்டியபடி மனைவியின் அண்ணனிடம் இப்படிச் சபதம் போட்டார் நம் சக்கரவர்த்தி.

சக்கரவர்த்தி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, தெருக்காரர்கள் கொடுத்த பட்டம். முழுப் பட்டம், குறுக்கு வழிச் சக்கரவர்த்தி. பகல் முழுக்க இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற மனிதருக்கு ஆள ஒரு நாடா இருக்கிறது? ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள், ஒரு டூல்ஸ் பெட்டி. சாம்ராஜ்யம் அவ்வளவுதான். பிரஜையும் ஒரே ஒருவர், அவர் மனைவி. அந்தப் பிரஜை எப்படிப்பட்டவர் என்று போகப் போகப் பார்ப்பீர்கள்.

அவருக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் தலைக்கு மேல். ஒன்று, வண்டியில் ஏறிவிட்டால் யாரிடமும் வழி கேட்க மாட்டார். "வாய் இருக்கிறவன் வழி கேப்பான். மூளை இருக்கிறவன் எதுக்குக் கேக்கணும்?" என்பார். இன்னொன்று, வீட்டு ரிப்பேருக்கு ஆள் கூப்பிட மாட்டார். அவர் கழற்றாத நட்டு இந்த வீட்டில் கிடையாது. திரும்ப மாட்டியது எத்தனை என்று மட்டும் கேட்கக் கூடாது.

அப்படிப்பட்டவரிடம் மச்சான் வந்து, "சமையலறைக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கே மாப்பிள்ளை, ஆள் கூப்பிடலையா?" என்று கேட்டால் சும்மா விடுவாரா?

"ஆளா? இந்த வீட்டுக்கா? ஃப்ளஷ் டேங்க் ஒழுகிச்சே, யாரு சரி பண்ணா? நான்! மோட்டார் தண்ணி ஏத்தாம மக்கர் பண்ணுச்சே? நான்! வாஷ்பேசின் அடைப்பு? அதுவும் நான்!"

மச்சான் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "நெசமாவாம்மா?"

"ஆமாண்ணா," என்றாள் அவள், மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "அவர் ஒரு தடவை கையை வெச்சுட்டு, வண்டியை எடுத்துக்கிட்டு வெளிய ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாப் போதும். எல்லாம் தானா சரியாயிடும்."

அந்த வார்த்தையில் சக்கரவர்த்திக்கு நெஞ்சு அரை அடி முன்னால் வந்துவிட்டது. விஷயம் உண்மையும்கூட. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நடக்கும். கழற்றுவார், குழம்புவார், சாமான் வாங்கக் கிளம்புவார், கடை அகப்படாமல் திரும்பி வருவார். கடைசியாக ஸ்பேனரை வைத்து ஒரே ஒரு திருகு. எல்லாம் சரியாக இருக்கும். இதற்கு அவரே ஒரு தத்துவம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "மெஷினுக்கும் மனுஷன் மாதிரிதான். கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தா வழிக்கு வரும்."

அந்தச் சிவப்பு வண்டி மேல் மச்சானுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். "அடுத்த ஞாயிறு சாயங்காலம் வரேன். குழாய் சொட்டினாலோ, ஆள் வந்ததாத் தெரிஞ்சாலோ வண்டி எனக்கு. பேச்சு மாறக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் போகிற போக்கில் பெட்ரோல் டேங்கை வேறு தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் சக்கரவர்த்தி அந்த இடத்தைத் துண்டால் துடைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய வண்டி. அவர் சொல்கிற பக்கம் திரும்புகிற ஒரே ஜீவன் இந்த உலகத்தில் அதுதான்.

ஞாயிறு வந்தது. சக்கரவர்த்தி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். குழாயின் கழுத்தில் ஸ்பேனரை மாட்டினார். மூச்சைப் பிடித்து ஒரு திருகு. அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இன்னொரு திருகு. டக்.

குழாய் கையோடு வந்துவிட்டது. அதன் மரை மட்டும் உடைந்து சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த விநாடி சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாவு டப்பாவுக்குள் போட்டது.

"என்னங்க! மேல டேங்க் வால்வை மூடினீங்களா?"

"எந்த வால்வு?"

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். வால்வை மூடிவிட்டு வந்து பார்த்தால், சமையலறை நடுவில் கணுக்கால் தண்ணீரில் இவர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.

"பாத்தியா? பிரெஷர் எப்படி இருக்குன்னு டெஸ்ட் பண்ணேன். நல்லா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. இப்ப வீடு முழுக்கத் தண்ணி கிடையாது. சாயங்காலம் அண்ணன் குடும்பத்தோட வரான். குடிக்கத் தண்ணி கேட்டா என்ன பண்றது?"

"புதுக் குழாய் ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டினா முடிஞ்சுது. இதோ கிளம்பிட்டேன்."

"நேர் ரோட்லயே போங்க. மேம்பாலம் தாண்டினா கடை. போன்ல மேப் போட்டுத் தரட்டுமா?"

"மேப்பா? எனக்கா?" சக்கரவர்த்திக்கு மானமே போன மாதிரி இருந்தது. சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து அலமாரி மேல் டொக்கென்று வைத்தார். "இந்த ஊருல இருக்கிற ரோடே என்னைக் கேட்டுத்தான் போட்டிருக்கணும்."

"சரி, குறுக்கு வழில மட்டும் போயிடாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன். தயவு செஞ்சு."

இதைச் சொன்ன பிறகு நேர் ரோட்டில் போனால் அவர் என்ன சக்கரவர்த்தி? கிக்கரை ஒரு உதை, இரண்டு உதை, சோக்கை இழுத்து மூன்றாவது உதை. வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. "சைடு ஸ்டாண்டு!" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. தெரியும் என்கிற மாதிரி காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தெருமுனையில், மேம்பாலத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் திரும்பினார்.

அவர் போன வழியை விவரமாகச் சொல்ல ஆசைதான். அவருக்கே தெரியாதே, நான் எப்படிச் சொல்வது? ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் இன்னொரு சந்து. ஒருவர் வீட்டுக் கொல்லைக்குள் போய் வண்டியைத் திருப்பினார். அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தார். ஒரு மைதானத்தைச் சுற்றினார். அதே மைதானத்தை மறுபடியும், அந்தப் பக்கமிருந்து, சுற்றினார். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். பெட்ரோல் தீர்ந்துபோய் வண்டி ரிசர்வுக்கு வந்தது.

அப்புறம் மூக்கில் அந்த வாசனை ஏறியது. சோப்பு வாசனை. "ஐயையோ, மறுபடியுமா?" என்று அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தால் சோப்புத் தொழிற்சாலையின் பின்பக்க கேட். துருப்பிடித்த பூட்டு, அதன் மேல் ஒரு காக்கா. வடக்கே கிளம்பினாலும் தெற்கே கிளம்பினாலும் அவருடைய குறுக்கு வழிகளெல்லாம் இந்தக் கேட்டில்தான் வந்து முட்டிக்கொள்ளும். இங்கிருந்து வீடு போய்ச் சேர எப்போதும் அரை நாள் ஆகும். இன்றைக்கு அந்த அரை நாள் கையில் இல்லை. கடை எங்கே, வீடு எங்கே, மச்சான் எங்கே வந்துகொண்டிருக்கிறாரோ! யாரையாவது வழி கேட்டுவிடலாமா என்று முதல் தடவையாக மனசு ஆடியது. தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"சார், உங்களைப் பாத்தா இந்த ஏரியா வழியெல்லாம் அத்துப்படியானவர் மாதிரி தெரியுது."

பக்கத்தில் ஒரு மீசைக்காரர் நின்றுகொண்டிருந்தார். தோளில் கனமான பை, பையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய்த் துண்டு.

சக்கரவர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதுகை நிமிர்த்தினார். "எங்க போகணும் தம்பி?"

"தண்ணித்தொட்டித் தெரு சார். பிளம்பிங் வேலை. ஒரு அம்மா போன் பண்ணாங்க."

தண்ணித்தொட்டித் தெருவா? அது அவர் தெருவாச்சே! பிளம்பரா? சக்கரவர்த்தியின் மூளை வண்டியை விட வேகமாக ஓடியது. கடை அகப்படவில்லை. வீட்டில் சுவருக்குள் மரை. சாயங்காலம் மச்சான். எதிரில் தானாக வந்து மாட்டிய ஒரு பிளம்பர். சபதம் மச்சானிடம் போட்டது. மச்சானுக்குத் தெரியாவிட்டால் சபதத்துக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரியாமல் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டால்?

"அந்த அம்மா அவசரம்னாங்களா?"

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்தாப் போதும்னாங்க."

"அப்ப நிறைய நேரம் இருக்கு. மொதல்ல என் வீட்டுல ஒரு சின்ன வேலை. ஆனா நீ பிளம்பர்னு என் மனைவிக்குத் தெரியக் கூடாது. நீ என் ஆபீஸ் ஃப்ரெண்டு. சரியா?"

மீசைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "சரிங்க சார்," என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

"இந்தக் கேட்டுக்குப் பக்கத்துச் சந்துலதானே சார் வலது?"

இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு சந்து இருப்பதைச் சக்கரவர்த்தி பார்த்ததே இல்லை. "அதேதான். இப்பத்தான் சொல்ல வாயெடுத்தேன்."

"அப்புறம் லாண்டரிகிட்ட இடது?"

"வெரிகுட். நீயே கத்துக்கிட்டே."

"அதோ அந்தப் பச்சை கேட்டு வீடுதானே சார்?"

"ஆமா. உனக்கு எப்படி..." அதற்குள் வண்டி வீட்டு வாசலில் நின்றுவிட்டது. இவ்வளவு சீக்கிரமாகவா! சக்கரவர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா தம்பி? இதுக்குப் பேருதான் குறுக்கு வழி!"

மனைவி வாசலுக்கு வந்தாள்.

"இவர் என் ஆபீஸ் ஃப்ரெண்டு. சும்மா வீட்டைப் பாக்க வந்தாரு."

"அப்படியா? வாங்க, வாங்க. பைல என்ன?"

"ஃபைலுங்க," என்றார் மீசைக்காரர். பை நங்கென்று தரையில் இறங்கியது.

"ரொம்பக் கனமான ஃபைல் போல இருக்கே. சரி, நான் மாடியில துணி காயப் போடப் போறேன். கொஞ்சம் நேரமாகும். நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் விஷயத்தைப் பேசி முடிங்க."

சக்கரவர்த்தி மீசைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். எப்படி ஏமாற்றினேன் பார்த்தாயா என்று அர்த்தம். இந்தப் பெண் இவ்வளவு அப்பாவியாக இருக்கிறாளே என்று கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது அவருக்கு.

மீசைக்காரர் சுவருக்குள்ளிருந்த மரையைப் பல் பிடுங்குகிற மாதிரி பக்குவமாக வெளியே எடுத்தார். பையிலிருந்து ஒரு புதுக் குழாயை எடுத்து, வெள்ளை டேப்பைச் சுற்றி முடுக்கினார். "கடைசித் திருகு என்னோடது," என்று ஸ்பேனரை வாங்கிக்கொண்டார் சக்கரவர்த்தி. மீசைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குழாய்க்கு வலிக்காமல் திருக விட்டார்.

"அந்த அம்மா வீட்டு வேலைக்கு நேரமாயிடலையே தம்பி? வழி காட்டட்டுமா?"

"வேணாங்க சார். அதுவும் முடிஞ்ச மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தே போய்விட்டார்.

சாயங்காலம் மச்சான் குடும்பத்தோடு வந்தார். நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கீழே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு? ஊஹூம்.

"உண்மையைச் சொல்லும்மா. ஆள் யாராவது வந்தாங்களா?"

"அவரோட ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தர் வந்துட்டுப் போனார். வேற யாரும் வரலைண்ணா."

மச்சான் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். "ஒத்துக்கறேன் மாப்பிள்ளை. கைகாரர்தான் நீங்க." போகும்போது வண்டியை ஒரு பெருமூச்சோடு பார்த்துவிட்டுப் போனார். சக்கரவர்த்தி வாசலில் நின்று, பெட்ரோல் டேங்கின் மேல் கை போட்டுக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி டாட்டா சொன்னார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தலையில் கிரீடம் மட்டும்தான் இல்லை.

உள்ளே வந்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். மனைவி ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் ஒரு ஸ்பேனருமாக வந்தாள்.

"உங்க ஃப்ரெண்டு இதை மறந்து வெச்சுட்டுப் போயிட்டார். ஆபீஸ்ல பாத்தா குடுத்துடுங்க."

"ம்... குடுத்துடறேன்."

"போன தடவையும் இதையேதான் மறந்தார்."

சூடுகூடப் பார்க்காமல் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டார். "போன... தடவையா?"

"ஃப்ளஷ் டேங்க் சரி பண்ண வந்தப்போ. மோட்டாருக்கு வந்தப்பவும், வாஷ்பேசினுக்கு வந்தப்பவும் எதையும் மறக்கலை. நல்ல மனுஷன், பாவம்."

"அப்ப அந்தக் கேட்டு வாசல்ல..."

"அவர் கடை அதுக்கு எதிர்லதாங்க. நீங்க எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடைசில அங்கதான வந்து நிப்பீங்க? நின்ன உடனே அவர் கடையைப் பூட்டிட்டு இங்க வந்துடுவார். நீங்க சுத்திட்டு வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சுடும். இன்னிக்கு அண்ணன் வரானே, நீங்க நேரத்தோட வீடு வந்து சேரணுமேன்னு, வரும்போது உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். யாராவது வழி சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். அதனால அவரையே உங்ககிட்ட வழி கேக்கச் சொன்னேன்."

சக்கரவர்த்தி அந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானத்துக்கு நடுவில் வேறொன்று தோன்றி அவர் கண் கலங்கியது. சொந்த அண்ணன். கேட்டது ஒரு வார்த்தை. அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் வண்டி இந்நேரம் அண்ணன் வீட்டில் நிற்கும். சொல்லவில்லையே! யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு மனைவி? போன நெஞ்சு மறுபடி அரை அடி முன்னால் வந்தது.

"என் மானத்தைக் காப்பாத்தத்தானே," என்றார் தழுதழுத்த குரலில், "அண்ணன்கிட்டயே அப்படிச் சொன்னே?"

"மானம் ஒரு பக்கம் இருக்கட்டும்," என்றாள் அவள், காலி டம்ளரை வாங்கிக்கொண்டு. "வண்டி போயிடுச்சுன்னா, அடுத்த தடவை ரிப்பேர் நடக்கும்போது உங்களை எதுல ஏத்தி வெளிய அனுப்புறது?"