பச்சைப் பெட்டித் தோட்டாக்கள்

ஆர்வில் காபியில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னிக்குச் சர்க்கரை தூக்கலா இருக்கு" என்றார். எதிரில் இருந்த மருமகன் டெரில் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

காபிக்காக அல்ல, அவர் மேஜைமேல் தள்ளிவைத்த பச்சைப் பெட்டிக்காக. எல்க் மான் வேட்டை தொடங்குமுன் வருடா வருடம் வரும் பரிசு அது. மாமனார் கொட்டகையில் தன் கையால் வெடிமருந்து நிரப்பிய ரைஃபிள் தோட்டாக்கள். ஒன்றில் மருந்து இரட்டிப்பாக விழுந்திருந்தால் போதும், சுடுகிறவன் முகம் இருக்காது.

"வேண்டாம்னு உங்கப்பாகிட்டச் சொல்லேன்" என்று மனைவி லொரெட்டாவிடம் கெஞ்சினான்.

"நீயே சொல்லு. அப்படியே சவப்பெட்டிக்கும் சொல்லிடு. அவருக்கு அந்தப் பெருமை ஒண்ணுதான் மிச்சம்."

கடையில் வாங்கி மாற்றி வைக்கவும் வழியில்லை. மினுக்கைப் பார்த்தே கடைச் சரக்கைக் கண்டுபிடித்துக் காறித் துப்புகிறவர் ஆர்வில் என்று ஊரே சொல்லும். எனவே டெரில் பெட்டியில் இருந்ததை எடுத்துக்கூடப் பார்க்காமல் ஏரியில் கவிழ்த்தான். தானே செய்து நிரப்பிவிடலாம் என்று கிளம்பினான்.

துப்பாக்கிக் கடைக்காரி மிட்ஜ் இரண்டு இயந்திரங்களைக் காட்டினாள்.

"இது ஒண்ணொண்ணா செய்யும். அது பிடியை இழுக்க இழுக்க சுத்தி சுத்தி மருந்து போடறது, மூடறது எல்லா வேலையும் செய்யும். நடுவுல யாராவது கூப்பிட்டா எந்திரிச்சுப் போவியா?"

"பொண்டாட்டி கூப்பிட்டா போகணும்ல?"

"அப்ப மெதுவானதை எடு."

"சனிக்கிழமை மாமாவோட சுட்டுப் பாக்கப் போறேன். அவ்ளோ நேரமில்ல."

"சாகறதுக்கு என்ன அவசரம்?"

அவன் வேகமானதை எடுத்தான்.

நிலவறையில் ஏறக்குறைய பாதித் தோட்டாக்கள் முடிந்திருந்தபோது மாடியிலிருந்து லொரெட்டா கத்தினாள். "டெரில்! எலி!" போய் எலியை விரட்டிவிட்டுத் திரும்பி, பிடியை இழுத்தான். இழுத்த பிறகுதான் உறைத்தது. போவதற்கு முன்பே ஒருமுறை இழுத்து மருந்து போட்டோமோ? அப்படியானால் இதில் இரட்டை மருந்து. அதற்குள் அந்தத் தோட்டா மூடப்பட்டு விழுந்து மற்றவற்றோடு கலந்துவிட்டது.

தராசு வாங்கினான். எல்லாம் ஒவ்வொரு எடை காட்டின. "பித்தளைக் கூடே ஒண்ணுபோல இருக்காது, மருந்தை எப்படிக் கண்டுபிடிப்ப?" என்ற மிட்ஜ், இன்னும் நுணுக்கமான தராசு ஒன்றை விற்றாள். அது முதல் தராசோடு சண்டை போட்டது.

"மூணாவது ஒண்ணு வாங்கிக்க. ஓட்டுப் போட்டுப் பாத்துரலாம்."

மூன்றாவது இரண்டோடும் ஒத்துப்போகவில்லை.

கடைசியில், தலையில் குழியுள்ள, தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியலைக் கையில் திணித்தாள்.

"இதுக்குள்ள தோட்டாவ வெச்சுத் தரையில ஓங்கி அடி. குண்டு கழண்டு மருந்து தனியா வந்துரும்."

"மருந்தோடயா?"

"எல்லாரும் அடிக்கிறாங்க. நானும் அடிக்கிறேன். பாரு, முழுசாத்தானே இருக்கேன்?"

டெரில் நிலவறையில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். வெடிக்கவில்லை; தோட்டா பிரிந்தது, மருந்து சரியான அளவுதான். மறுபடி ஓங்கியபோது குறி தப்பிச் சுத்தியல் முழங்காலில் இறங்கியது.

"அங்க யாரைக் கொல்ற?" என்றாள் லொரெட்டா.

"இன்னும் யாரையும் இல்ல."

அத்தோடு அவனுக்குத் தெம்பு தீர்ந்தது. பிரித்த ஒன்றுக்குப் பதில் புதிதாக ஒன்று செய்தான். அப்போதும் லொரெட்டா கூப்பிட்டாள். எல்லாவற்றையும் பச்சைப் பெட்டியில் அடுக்கினான். முழங்கால் வலியைச் சொல்லி, சனிக்கிழமை சுடாமலே தப்பித்துவிட முடிவு செய்தான்.

சனிக்கிழமை மைதானத்தில் நொண்டி நொண்டிக் காட்டினான்.

"சரி, நீ உக்காரு. நான் சுடறேன்" என்று ஆர்வில் பச்சைப் பெட்டியைத் திறந்தார். விரலால் தடவி ஒன்றை எடுத்துத் துப்பாக்கிக்குள் தள்ளினார்.

"மாமா! வேணாம்!"

"ஏன்?"

டெரில் எழுந்து நின்றான். "உங்க கண்ணு... மருந்து கூடிப் போயிருந்தா..."

ஆர்வில் சிரித்தார். கன்னத்தைத் துப்பாக்கியில் வாகாகப் பதித்துக்கொண்டார்.

"அதான் பயமா? கண்ணு மங்கினப்பவே மெஷினை வித்துட்டேன் மாப்ளே. அப்புறம் எல்லாம் கடையில வாங்கி இந்தப் பெட்டியில போட்டதுதான். வீட்ல செஞ்ச தோட்டாவைச் சுட எனக்கென்ன பைத்தியமா? காதைப் பொத்திக்க."