எம்.சி. மௌனம்

வாயடைக்கப்பட்டவர்கள் தெருவில் நின்று கண்டுபிடித்த பாட்டுதான் ஹிப்ஹாப் என்று யூஜின் எங்கோ கேட்டுவிட்டார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. நியூயார்க் தெருவுக்கு இருக்கிற உரிமை, தான் குடியிருக்கும் சாரத்துத் தெருவுக்குக் கிடையாதா? பாண்டிச்சேரியில் தன்னைவிட வாயடைக்கப்பட்டவன் எவன்?

தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அங்கே பாட்டில் மூடி, வீட்டில் வாயை மூடி. ஒரு சனிக்கிழமை மொட்டைமாடிக்குப் போய், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, செல்போன் முன்னால் நின்று மனைவி அந்தோணிமேரியைப் பற்றி ராப் பாடினார். ராப் பாடகர்கள் பாணியில் 'எம்.சி. மௌனம்' என்ற பொய்ப்பெயரில் இன்ஸ்டாகிராமில் போட்டும்விட்டார்.

"கோயில்ல பூசை ஒரு மணி நேரம்,
வூட்டுல பூசை நாள் பூரா காரம்!"

ஊர் பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் அது, கல்யாண வரவேற்பில் அது, மீன் மார்க்கெட்டில்கூட அது. பாட்டு பரவப் பரவ யூஜினுக்கு ஒரே கவலைதான். மேரிக்குத் தெரிந்துவிட்டால்? புகழை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் சாப்பிடுவது?

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அந்தோணிமேரி போனும் கையுமாக எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, இந்த ராப் பாடுற ஆள பாத்தீங்களா?"

"ராப்பாடியா? எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம்?"

"பாவம், பொண்டாட்டி கொடுமைக்காரி போல."

"சேச்சே! தங்கமானவளாத்தான் இருப்பா. இவனுக்குத்தான் திமிரு. நாலு அறை வுடணும்."

"வுடலாங்கறீங்க?"

யூஜின் கன்னத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

"பாட்டு நடுவுல ஒரு பொம்பள, 'மோட்டார நிறுத்துங்க, தொட்டி ரொம்பிடுச்சி'ன்னு கத்துறா. கேட்டீங்களா?"

யூஜின் அந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருப்பார். அந்தக் குரலை மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மேரி கூப்பிட்டால் அவர் காதுக்குத் தெரியாது. கால் தானாக எழுந்து போய்விடும்.

"ஊருல எல்லா வூட்லயும்தான் தொட்டி ரொம்பும் மேரி."

"அந்தாளு உடனே, 'தோ வந்துட்டேம்மா'ங்கறாரு. தாளம் தப்பாம."

எம்.சி. மௌனம் மௌனமானார்.

"பயப்படாதீங்க. ராப்புன்னா பதிலுக்குப் பாடணுமாம். பாடலன்னா தோத்ததா அர்த்தமாம். பாரிஸ்ல எங்க அண்ணன் பையன் பிரெஞ்சுலயே பாடுறான் இல்ல, அவன்தான் சொன்னான். நான் பாடி அனுப்புனேன். மியூசிக் போட்டு காலையில இன்ஸ்டாகிராம்ல ஏத்திட்டான்."

போனைத் தட்டினாள்.

"மௌனம்னு பேரு வெச்சவன் கொறட்டைக்கு இன்னா பேரு?
மாவரைக்கச் சொன்னா மாடிக்கு ஓடுறது யாரு?"

பூசை முடிவதற்குள் அது, பார்த்தவர்கள் கணக்கில் அவர் பாட்டைத் தாண்டியிருந்தது. யூஜின் இரண்டு கையையும் கூப்பினார்.

"இன்னா வேணா பண்ணு மேரி, பேர மட்டும் வெளில சொல்லிடாத. கம்பெனில தலை காட்ட முடியாது."

"சொல்லல. அடுத்த வாரம் பீச்சுல மேடை போட்டு என்னைக் கூப்புட்டிருக்காங்க. ஹெல்மெட் போட்டுக்கிட்டு நீங்க பின்னாடி நில்லுங்க. நான் ஒவ்வொரு வரி பாடுனதும், 'ஆமா, ஆமா'ன்னு சொல்லணும். அவ்ளோதான்."

"எனக்கு மைக்கு?" ஈனஸ்வரத்தில் கேட்டார் யூஜின்.

"உங்களுக்கு இன்னாத்துக்கு மைக்கு? கல்யாணம் ஆனதுலேருந்து மைக் இல்லாமதான சொல்லினு இருக்கீங்க?"

"ஆமா," என்றார் யூஜின்.